குப்பத்தைப் பார்த்துக் கட்டிய குழாய்

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். மீசையில் மை பூச ஆரம்பித்தவர்களும், மாடிப்படி ஏறுமுன் ஒரு தடவை யோசிக்கிறவர்களும் படித்தால் போதும். முதலில் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். பேச என்னிடம் சரக்கு இருக்கிறது.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மயிலாப்பூரில் கச்சேரி, தி.நகரில் ரிசப்ஷன், அடையாறில் எந்தக் கோயிலின் பெருவிழா என்றாலும் சவுண்டும் லைட்டும் என் வண்டியிலிருந்துதான் இறங்கும். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்த மூலையில் எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று சொல்லிவிடுவேன். எவனும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு பயம் உண்டு. ஆராதனை தொடங்கப் போகிற நேரத்தில் பாடகர் குழுப் பெண்ணோ, நாடகம் நடத்துகிற ஆளோ ஓடி வந்து, "அண்ணே, ஒரு சின்ன சேஞ்ச்" என்றால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவேன். பாட்டு மாறலாம், ஆள் மாறலாம், அதெல்லாம் எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை. ஆனால் ஒரு ஸ்பீக்கரைத் திருப்பி வை என்றால் மட்டும் நானே எழுந்து போய், அது எந்தப் பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். என் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஊரூர் குப்பத்தில் பிறந்தவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். எங்கள் பங்குக் கோயில் அப்போது சின்னது. ஒரு பக்கம் பெசன்ட் நகர் வீடுகள், மறுபக்கம் எங்கள் குடிசைகள், நடுவில் கோயில் மைதானம். வருஷா வருஷம் ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் அந்த மைதானத்தில் பாடுகளின் நாடகம் நடக்கும். யேசு சாமி பிள்ளைகளை ஆசீர்வதிப்பதில் தொடங்கி, சிலுவையில் சாவது, கல்லறையிலிருந்து எழுவது வரைக்கும்.

அந்த நாடகத்தில் யாரும் மேடையில் பேச மாட்டார்கள். கடல் காற்று அடிக்கிற இடத்தில் அன்றைய மைக்கில் பேசினால் காற்றுதான் கேட்கும், ஆள் குரல் கேட்காது. அதனால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பிறக்கும் முன்பே மொத்த வசனத்தையும் பாட்டையும் சவுக்குச் சத்தத்தையும் சேர்த்து ஒரே கேசட்டில் பதிந்துவிடுவார்கள். நாடகத்தன்று கேசட் ஓடும், மேடையில் நிற்கிறவர்கள் வாயை அசைப்பார்கள். குரல் ஒருவருடையது, உடம்பு வேறு ஒருவருடையது. யார் குரல் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம்.

அந்த வருஷம் யேசுவாக நிற்க, பேங்க்காரர் மகனைப் பிடித்தார்கள். கல்லூரியில் படிக்கிறவன், சிவப்பு நிறம், நல்ல உயரம். குரல்தான் கீச்சுக் குரல். குரலுக்கு எங்கள் நைனாவைப் பிடித்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாசம் வந்தால் அம்மா என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். நைனா குள்ளம், கட்டுமரம் தள்ளித் தள்ளித் தோள் அகன்ற ஆள், நிறம் கருப்பென்றால் கருப்பு. ஆனால் அலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கூப்பிட்டால் கரையில் கேட்கும். சும்மா சொல்லவில்லை.

நாடகத்தை எழுதி நடத்தியவர் தேனாம்பேட்டையில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தார். எல்லோருக்கும் அவர் டைரக்டர் சார். பங்குப் பள்ளியில் ஒரு வகுப்பறை ஜன்னலில் எல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, உள்ளே வைத்துப் பதிந்தார்கள். நைனாவுக்கு எழுத்து தெரியாது. டைரக்டர் சார் ஒரு வரி சொல்வார், நைனா அதைத் திருப்பிச் சொல்வார். வேர்த்து வேர்த்து அவர் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது. சவுக்கடிக்கு ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டு, பதிவையும் ஸ்பீக்கரையும் பார்த்துக்கொண்ட மைக் செட் அண்ணன் பெல்ட்டால் விளாசினார். நைனா முனக வேண்டும். முதல் தடவை சிரித்துவிட்டார்.

"இன்னா சார், அடி வாங்கறது கோணி, கத்தறது நானா?"

"சிரிக்காதய்யா, டேப் ஓடுது."

பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் வேண்டும் என்று எங்களில் நாலைந்து பேரைக் கூட்டிப் போயிருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நைனா வசனத்தைச் சொல்லி முடித்ததும், என்னை மடியில் இழுத்துப்போட்டு விலாவில் விரலை விட்டு ஆட்டினார். நான் அலறிச் சிரித்தேன். அது அப்படியே கேசட்டில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். "டேய், அம்மாகிட்ட சொல்லிக்கினு கிடக்காத. நாடகத்தன்னிக்கு அவளா கண்டுபுடிக்கிறாளான்னு பாப்போம். கண்டுபுடிக்கலன்னு வையி, ஒரு மாசம் அவ வெக்கிற கொயம்ப கிண்டல் பண்ணிக்கினே இருப்பேன்."

தவக்காலத்தின் நடுவில் ஒரு நாள் விடியற்காலை கடலுக்குப் போன நைனா திரும்பவில்லை. அலை கட்டுமரத்தைப் புரட்டிவிட்டதாம். கூடப் போனவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். குப்பமே நாலு பக்கமும் போய்த் தேடியது. உடம்பு கிடைக்கவில்லை.

எங்கள் பங்கில் யாராவது செத்தால் கோயில் மணியை விட்டு விட்டு, மெதுவாக அடிப்பார்கள். துக்க மணி என்று பெயர். அந்த மணி விழுந்தால்தான் சாவு சாவாகும். அப்புறம்தான் பூசை, அப்புறம்தான் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அழுவது. வீட்டார் சொல்லாமல் மணி அடிக்க மாட்டார்கள். அம்மா சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

அத்தை, அதாவது நைனாவின் அக்கா, தினமும் வந்து மன்றாடினாள். "இன்னும் எத்தினி நாள்மா? அவன் ஆன்மாவுக்கு ஒரு பூசை வோணாமா?"

"உடம்பு வந்துச்சா?"

"கடல் குடுத்தாதானே வரும்."

"அப்ப அவரு வருவாரு. வந்து, எனக்கு இன்னாத்துக்குடி மணி அடிச்சேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

பங்குச் சாமியாரும் வந்து பேசிப் பார்த்தார். அம்மா அவருக்கு ஸ்டூல் போட்டு, டீ கொடுத்து, மரியாதையாக முடியாது என்றாள். மற்றபடி அவள் தலை வாரினாள், மீன் கூடையோடு சாஸ்திரி நகர் பக்கம் போனாள், பேரம் பேசினாள். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. நானும் அவள் பக்கம்தான். அவர் வருவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

இதற்கு நடுவில்தான் டைரக்டர் சாருக்கு உறைத்தது, கேசட்டில் இருப்பது யார் குரல் என்று. நான் மேடையில் யேசுவின் மடியில் உட்காருகிற பிள்ளை என்பதால் ரிகர்சலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூசை உடுப்பு வைக்கிற அறையில் அவர்கள் பேசியதைக் கேட்டேன். பெரியவர்கள், பத்து வயதுப் பையனை மேசை நாற்காலி மாதிரி நினைத்துப் பேசுவார்களே, அப்படி.

"வேற குரல் போட்டுடலாமே," என்றார் சாமியார்.

மைக் செட் அண்ணன் தலையை ஆட்டினார். "குரல மட்டும் உருவ முடியாது சாமி. பாட்டு, கூட்டம், சவுக்கு, எல்லாம் ஒண்ணா ஏறிக்கினு கீது. மொத்தமா திரும்ப எடுக்கணும். பாடுறவங்க பாதிப் பேரு ஊருக்குப் போய்ட்டாங்க."

"அப்ப நாடகத்தை நிறுத்திடலாமா?" என்றார் சாமியார்.

"ஃபாதர், மத்தவங்களுக்கு யார் குரல்னே தெரியாது," என்றார் டைரக்டர் சார். "அந்தம்மா மட்டும் வராம பார்த்துக்கிட்டா போதும். துக்க வீடு, எப்படியும் வரமாட்டாங்க. அவங்க நாத்தனார வீட்டுல கூட இருக்கச் சொல்லுங்க. நம்ம குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ரோட்டப் பாத்துதான் கட்டுறோம். வீடு குப்பத்துக் கடைசியில. காத்தும் கடல்லேர்ந்து இந்தப் பக்கம்தான் அடிக்கும். ஒண்ணும் கேக்காது."

நல்ல பிளான். இன்றைக்கு என்னிடம் கேட்டாலும் சரியான பிளான் என்றுதான் சொல்வேன். காற்று, திசை, தூரம், எல்லாம் பார்த்திருக்கிறார். மறுபடி எடுக்க முடியாத கேசட்டுக்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அப்போதெல்லாம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் கூடக் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். பெரிய பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு இரும்புத் தகடு, மேலே கயிற்றில் ஒரு தகடு. மேல் தகட்டை இறக்க இறக்க விளக்கு ஏறும், தூக்கினால் மங்கும். ஜாடி சூடாகிப் புஸ் என்று ஆவி வரும். கருவாடு வேகிற மாதிரி ஒரு வாசனை. அந்த ஜாடியை இப்போது எந்த மியூசியத்திலும் பார்க்க முடியாது. அதை வைத்துக்கொண்டு சூரிய உதயம் காட்டியவர்கள் அவர்கள்.

ஈஸ்டர் சாயங்காலம் வந்தது. வெளிச்சம் மங்குகிற நேரம். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். மைதானம் நிறைந்து, பின்சுவருக்கு அந்தப் பக்கம் குப்பத்துச் சந்து வரைக்கும் ஜனம். சுவருக்குப் பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள்.

"யோவ் மைக் செட்டு, எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலயே."

"நாங்க மட்டும் ஊமப் படமா பாக்கணும்?"

டைரக்டர் சார் அப்போது ஏரோது ராஜா வேஷக்காரருக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பசை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தப் பக்கம் ரெண்டு குழாய் கட்டிடுப்பா," என்றார். மைக் செட் அண்ணனின் ஆள் விளக்குக் கம்பத்தில் ஏறி, இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் குப்பத்தைப் பார்த்துக் கட்டிவிட்டு இறங்கினான். பெண்கள் கை தட்டினார்கள்.

திட்டம் போட்ட அதே ஆள், தன் வாயாலேயே அதை உடைத்தார். அவருக்குத் தெரியவில்லை. மைக் செட் அண்ணனுக்கும் தோன்றவில்லை. நாடகம் தொடங்குகிற நேரத்தில் கூட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் எல்லோருக்கும்.

முதல் காட்சி என்னுடையது. நான் ஓடிப்போய் பேங்க்காரர் மகனின் மடியில் உட்கார்ந்தேன். அவன் மேல் பவுடர் வாசனை. ஒட்டுத் தாடி என் நெற்றியில் குத்தியது. அப்போது நைனா பேசினார்.

பிள்ளைகளுக்கு வழி விடுங்கள் என்கிற வசனம். கேசட்டில் அவர்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அறையில் பேசியதைக் கேட்டவன்தானே. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தலைக்கு மேல் நாலு குழாயிலிருந்தும் அந்தக் குரல் இறங்குவது வேறு. அடுத்து என் சிரிப்பு வந்தது. அலறல் சிரிப்பு. அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். பேங்க்காரர் மகனின் கைகள் என் இடுப்பில் சும்மா இருந்தன. நான் திறந்தேன். தன் சிரிப்புக்குத் தானே வாயசைத்த பையன் உலகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

நான் மேடையிலிருந்து இறங்கிக் கேசட் டெக் இருந்த மேசைப் பக்கம் போனேன். இன்னும் இரண்டு காட்சி கூட முடிந்திருக்காது. சுவரோரக் கதவு வழியாக அம்மா வந்தாள். பின்னாலேயே அத்தை, மூச்சு வாங்க. அம்மா அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாளாம். குரலைக் கேட்டதும் எழுந்து நடந்துவிட்டாளாம். பிறகு அத்தை சொன்னது.

அம்மா மேடையைப் பார்க்கவே இல்லை. நேராக மேசைக்கு வந்தாள்.

"எங்க அவரு?"

"யாருக்கா?" என்றார் மைக் செட் அண்ணன்.

"பேசினுகீறாரே, அவருதான்."

மைக் செட் அண்ணனின் விரல் தானாகப் போய்ப் பட்டனை அமுக்கியது. குரல் பாதி வார்த்தையில் நின்றது. மேடையில் சீடர்கள் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்கள். கூட்டம் சலசலத்தது. டைரக்டர் சார் தாடிப் பசையோடு ஓடி வந்தார். அம்மாவைப் பார்த்தார், அப்புறம் தலையைத் திருப்பிக் கம்பத்தின் மேலிருந்த குழாயைப் பார்த்தார். ஒரு மனிதன் முகம் அப்படி இடிந்து போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அம்மா, இது... இது முன்னாடியே பதிஞ்சது. தவக்காலத்துக்கு முன்னாடி."

"டேப்புதான்னு தெரியுது சார். அது கூடத் தெரியாதவளா நானு? இன்னாத்துக்கு நிறுத்தினீங்க? போடுங்க. அவரு பேசட்டும்."

சாமியார் வந்து அவள் கையைப் பிடித்தார். "வீட்டுக்குப் போம்மா."

"உக்காந்து கேக்கறேன் சாமி. எங்க வூட்டு ஆளு பேசறாரு. நான் மட்டும் கேக்கக்கூடாதா?"

சாமியார் தலையை அசைத்தார். கேசட் ஓடியது. அம்மா மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குப்பத்து ஜனத்துக்கு விஷயம் பரவிவிட்டது. கடைசி நேரத்தில் குழாய் கட்டிய கதையைப் பக்கத்தில் இருந்த ஒருத்தி அம்மாவிடம் சொன்னாள். அந்த மாதிரி ஒரு நிசப்தத்தை நான் இத்தனை வருஷத் தொழிலில் எந்த மண்டபத்திலும் கேட்டதில்லை.

சவுக்கடி வந்தது. நைனா முனகினார். கோணிப்பைதான் அடி வாங்குகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு அடிக்கும் என் முதுகு சுருங்கியது. சிலுவை வந்தது. தாகமாயிருக்கிறது என்றார். அப்புறம் அந்தக் கடைசிக் கூப்பாடு, கடலுக்குள்ளிருந்து கூப்பிடுகிற அதே கூப்பாடு, போட்டுவிட்டு அடங்கினார். சுற்றியிருந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தை மணலில் சாய்ந்துவிட்டாள். நான் விசும்பினேன்.

அம்மா அழவில்லை. என் தலையைத் தடவினாள்.

"அழுவாத. இரு. இப்ப ஏந்து வருவாரு."

பக்கத்தில் நின்ற டைரக்டர் சாரும் அதைக் கேட்டார். என்னைக் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார். உயிர்ப்புக் காட்சியில் நான் சம்மனசு, அதாவது தேவதூதன், எனக்கு இறக்கை கட்ட வேண்டும். கட்டிக்கொண்டே சாமியாரிடம் பேசினார்.

"ஃபாதர், அடுத்த சீன்ல அந்தக் குரல் திரும்பவும் வந்துச்சுன்னா, அந்தம்மா ஆயுசுக்கும் அவர் வருவார்னு உக்காந்திருப்பாங்க. நிறுத்திடலாம்."

"ஈஸ்டர் அன்னிக்குச் சாமியக் கல்லறையிலயே விட்டுட்டு ஜனத்த வீட்டுக்குப் போகச் சொல்றதா? அது ஆகாது."

"அப்ப என்னதான் செய்யறது?"

சாமியார் கையை நீட்டினார். "கேசட்ட நிறுத்து. எனக்கு மைக் குடு. அந்த வசனத்த நான் சொல்லுதேன்."

ஜாடிக்குள் தகடு இறங்கியது. உப்புத் தண்ணீர் புஸ்ஸென்றது. மேடையில் மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அட்டைக் கல்லறை திறந்தது. வெள்ளை உடுப்பில் பேங்க்காரர் மகன் வெளியே வந்து கைகளை விரித்தான். நான் இறக்கையோடு ஓரத்தில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழங்காலில் எழும்பி, கழுத்தை நீட்டி, காத்திருந்தாள்.

சாமியார் பேசினார். வயதான குரல், நாகர்கோவில் பக்கத்து ராகம், நடுவில் ஒரு இருமல். அழாதே, நான் உயிரோடு இருக்கிறேன் என்கிற வசனம்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். முழுவதும் கேட்டாள். அவள் தோள் மெல்லக் கீழே இறங்கியது. எழுந்தாள், சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள், மேடை ஓரத்துக்கு வந்து இறக்கையோடு இருந்த என்னை இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வா நைனா. இது அவரு இல்ல. அவரு வரல."

பெரியவர்கள் அன்று கணக்குப் போட்டது சரியா தப்பா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் வருவார் என்கிற அவள் நம்பிக்கையைப் பிடுங்க நினைத்தார்கள், பிடுங்கினார்கள். அதைப் பிடுங்குகிற உரிமையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அவள் தலை சாய்த்துக் கேட்டாளே, அந்த நேரத்தை நினைத்தால் இத்தனை பெரிய ஆளாகியும் கையிலிருக்கிற வயரைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அம்மா வீட்டுப் பக்கம் போகவில்லை. மணிக்கூண்டுக்குப் போனாள். நாடகம் முடிந்ததும் ஈஸ்டர் மணியை ஓயாமல் அடிக்க வேண்டும் என்று கோயில்பிள்ளை கயிற்றைக் கையில் பிடித்துத் தயாராக நின்றார். கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். சரவெடியோடு நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரருக்கு மணி அடிச்சிடு," என்றாள்.

கோயில்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டார். "இன்னாமா இது? இன்னிக்கு உயிர்ப்புத் திருநாளு. இன்னிக்குப் போயி எப்டிமா துக்க மணி? நாளைக்கு அடிச்சிடறேன். கண்டிப்பா அடிக்கறேன்."

"கடைசி நேரத்துல குழாய மாத்துனீங்க. குரல மாத்துனீங்க. இத்தயும் மாத்துங்க."

கோயில்பிள்ளை மைதானத்துக்கு அந்தப் பக்கம் மைக்கைப் பிடித்தபடி நின்ற சாமியாரைப் பார்த்தார். சாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

முதல் அடி விழுந்தது. சரவெடிக்காரர்கள் தீக்குச்சியை உதறி அணைத்தார்கள். அடுத்த அடிக்கு முன்னால், மேடையில் வெள்ளை உடுப்போடு கையை விரித்தபடியே நின்றிருந்த பேங்க்காரர் மகன், யாரும் சொல்லாமல், எந்த ரிகர்சலிலும் இல்லாதபடி, ஒட்டுத் தாடியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, எங்களுக்குப் பின்னால் மணலில் முழங்கால் போட்டான்.